புள்ளித் திருக்கைக்கு விழுந்த சிவப்புக் கோடு

கடல்பசுவை நான் பார்த்ததில்லை. என் மகளும் பார்த்ததில்லை. அவளுக்கு மார்க் போட்ட அறிவியல் சாரும் பார்த்திருக்க மாட்டார். கள்ளக்குறிச்சியிலிருந்து கடலுக்குப் போக வேண்டும் என்றால் பஸ்ஸில் அரை நாள் உட்கார வேண்டும். ஆனால் திருக்கை அப்படியல்ல. திருக்கையை நான் பதினாறு வருஷமாக அறுத்துக்கொண்டிருக்கிறேன். அதன் வயிற்றில் என் கை போகாத இடம் கிடையாது. அப்படி இருந்தும் என் மகளின் பரீட்சைத் தாளில், திருக்கையைப் பற்றி எழுதிய பதில் மேல் ஒரே சிவப்புக் கோடு விழுந்தது.

இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. பிள்ளைகளுக்கு எழுதும்போது சிரித்த முகத்தோடு எழுத வேண்டும் என்கிறாள் என் மனைவி. எனக்கு அது வராது. நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு வரை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அவ்வளவுதான்.

என் தொழில் மீன். வாரத்தில் நாலு நாள் கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் பச்சை மீன் அறுத்து விற்பேன். மீன் கடலூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும். சனிக்கிழமை மட்டும் மொபெட்டின் இரண்டு பக்கமும் கூடை கட்டிக்கொண்டு, கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறி, வெள்ளிமலை, கரியாலூர் என்று ஊர் ஊராகக் கருவாடு விற்பேன். மலையில் காசு கொடுத்தும் வாங்குவார்கள், சாமையோ புளியோ கொடுத்தும் வாங்குவார்கள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் சனிக்கிழமைகளில் என் மகளும் பின்னால் ஏறிக்கொள்வாள். தராசு அவள் மடியில் இருக்கும். கூடைக்கும் என் முதுகுக்கும் நடுவே அவள் உட்காரும் இடத்தில் ஒரு பழைய தலையணையைக் கட்டி வைத்திருந்தேன்.

மலையில் எனக்கு அதிகம் ஓடுவது திருக்கைக் கருவாடு. பிள்ளை பெற்றவளுக்குத் திருக்கை கொடுத்தால் பால் ஊறும் என்பது எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வது. கைக்குழந்தை இருக்கிற வீடு எது என்று எனக்குத் தெரியும். அந்த வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பேன். வெளியே வருகிறவளிடம் நான் சொல்வதற்கு என்று ஒரு பேச்சு வைத்திருந்தேன். அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே கட்டியது.

"திருக்கைய மீனுன்னு நெனச்சுக்காதம்மா. மத்த மீனு முட்ட போட்டுட்டு போயிரும். இது குட்டி போடற சாதி. குட்டி போட்டு, பக்கத்துலயே வச்சிக்கினு பால் குடுக்கும். அதுக்கே அவ்ளோ பால் ஊறுதுன்னா உனக்கு ஊறாதா?"

இதில் முதல் பாதி நான் கண்ணால் பார்த்தது. இரண்டாம் பாதி வியாபாரத்துக்குச் சொன்னது. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று எனக்கு மட்டும் தெரியும். பின்னால் தலையணையில் உட்கார்ந்து, நாலு வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு எப்படித் தெரியும்?

அவள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு டெஸ்ட் வைத்தார்கள். அதில் ஒரு கேள்வி. கடலில் வாழும் ஒரு பாலூட்டியையும் ஒரு மீனையும் எடுத்துக்கொண்டு ஐந்து வேறுபாடுகள் எழுது. வகுப்பில் எல்லோரும் சார் போர்டில் எழுதிப் போட்ட திமிங்கிலத்தையும் கெளுத்தியையும் அப்படியே எழுதினார்களாம். இவள் பாலூட்டிக்குக் கடல்பசுவை எடுத்தாள், புத்தகத்தில் அதன் படம் இருந்தது. மீனுக்குப் புள்ளித் திருக்கையை எடுத்தாள். அது அவளுக்குத் தெரிந்த மீன். முதுகு முழுக்கப் புள்ளியும், சாட்டை மாதிரி நீண்ட வாலும், முறம் அகலத்துக்கு உடம்புமாக இருக்கும்.

அவள் என்ன எழுதினாள் என்று சொல்கிறேன். நீங்களே மார்க் போடுங்கள். கடல்பசு மூச்சு விட மேலே வந்தே ஆக வேண்டும், திருக்கைக்கு அடிவயிற்றுப் பக்கம் செவுள் இருக்கிறது, அது தண்ணீருக்குள்ளேயே மூச்சு விடும். கடல்பசுவுக்கு நம்மைப் போல எலும்பு, அதுவும் கனமான எலும்பு, திருக்கைக்கு உடம்பு முழுக்கக் குருத்துதான், அதனால்தான் குழம்பில் போட்டால் மென்று விழுங்கிவிடலாம். கடல்பசு புல் மேயும், திருக்கையின் வயிற்றைக் கிழித்தால் நண்டு ஓடு இருக்கும். கடல்பசுவின் வால் விசிறி மாதிரி, திருக்கையின் வாலில் விஷ முள் இருக்கும். கடல்பசுவின் உடம்பு சூடாக இருக்கும், திருக்கை தண்ணீர் எப்படியோ அப்படி. ஐந்து கேட்டார்கள், ஐந்து எழுதிவிட்டாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தாளில் இடம் மிச்சம் இருந்ததாம். அதனால் 'ஒற்றுமைகள்' என்று கீழே ஒரு தலைப்புப் போட்டு, இரண்டும் குட்டி போடும், இரண்டும் பால் கொடுக்கும் என்று எழுதினாள்.

சார் கடைசியிலிருந்து படித்தாரா, இல்லை முதலிலிருந்தே படித்தாரா, எனக்குத் தெரியாது. மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக இழுத்துவிட்டார். சரியான ஐந்தும் அந்தக் கோட்டில் போய்விட்டது. ஓரத்தில் 'மீன் முட்டையிடும்' என்று எழுதி அதன் அடியில் இரண்டு கோடு. ஐந்துக்குப் பூஜ்யம்.

பூஜ்யம் போட்டதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். நான் வாங்காத பூஜ்யமா? அவர் அந்தத் தாளை வகுப்பில் நின்று சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு, "இவங்க வூட்டுல மாடே வேணாம், கருவாட்டுலயே பால் கறந்துக்குவாங்க" என்றார். வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். அன்றைக்கு மத்தியானத்திலிருந்து என் மகளுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் 'பால் கருவாடு' என்று பேர்.

நான் மீன்காரன். என் சட்டையில் வாசம் இருக்கும். பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போவார். பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் நானே கடைசி பெஞ்சில், ஜன்னல் பக்கமாகப் பார்த்து உட்காருவேன். வாங்கித் தின்னும்போது நாறாத மீன், விற்கிறவன் மேல் மட்டும் நாறுகிறது. இதெல்லாம் எனக்குப் பழகிப்போனது. ஆனால் அவளுக்கு ஏன் பழக வேண்டும்? அவள் தினமும் இரண்டு முறை குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறவள். மழைக்காலத்திலும் குளிப்பாள். ஏன் என்று நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

இந்தக் கதை எனக்கு உடனே தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமை அவள் வண்டியில் ஏறவில்லை. தலைவலி என்றாள். அடுத்த சனிக்கிழமை வயிற்றுவலி. மூன்றாவது சனிக்கிழமை அவள் காரணமே சொல்லவில்லை. அன்றைக்குத்தான் என் மனைவி புத்தகப் பைக்குள் நாலாக மடித்து வைத்திருந்த தாளை எடுத்து என் கையில் கொடுத்தாள். நான் படித்துக்கொண்டிருக்கும்போது மகள் உள்ளேயிருந்து வந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீ பாத்தியாப்பா?"

"இன்னா கேள்வி இது? எத்தினி தபா பாத்திருக்கேன். கைய வுட்டு எடுத்திருக்கேன்."

"குட்டி இல்லப்பா. பால் குடுக்கறத."

கோபத்தில் இருக்கிறவனிடம் பிள்ளைகள் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் இப்படித்தான் பதில் வரும். "அதையுந்தான் பாத்தேன்" என்றேன். அவள் முகம் தெளிந்தது. தாளை வாங்கி மறுபடி மடித்து வைத்துக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும் நான் சொன்னது பொய் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்றேன். என் மனைவி வேண்டாம் என்றாள். "நீ போயி சண்ட போட்டு வந்துருவ. நாளைக்கு வெயில்ல நிக்கப் போறது அவதான். இன்னொரு தபா யோசன பண்ணுய்யா" என்றாள். நான் யோசிக்கவில்லை. அறுக்கிற கத்தியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். அந்த அளவுக்குத்தான் எனக்கு அப்போது புத்தி இருந்தது.

ஆசிரியர்கள் அறையில் சார் உட்கார்ந்திருந்தார். எதிரே நாற்காலி இருந்தது. என்னை உட்காரச் சொல்லவில்லை. "இன்னாப்பா, கருவாடு எடுத்தாந்தியா?" என்றார். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். நான் தாளை மேஜையில் வைத்தேன்.

"திருக்கை குட்டி போடும் சார்."

"புக்குல அப்படியா போட்டிருக்கு?"

"புக்குல இன்னா போட்டிருக்கோ தெரியாது சார். நான் பதினாறு வருஷமா வயித்துல இருந்து எடுத்துக்கினு இருக்கேன். அத வுடுங்க, மேல அஞ்சு எழுதியிருக்கா. அதுல இன்னா தப்பு?"

அவர் தாளைப் பார்க்கவே இல்லை. புத்தகத்தைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டினார். பரீட்சையில் இதை எழுதினால் மார்க், உன் கூடையில் இருப்பதை எழுதினால் மார்க் இல்லை என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவர் பொறுமையாகப் பேசினார். ஒன்றும் தெரியாதவனிடம் பேசுகிற பொறுமை அது. எனக்குக் காது இரண்டும் சுட்டது. நீங்கள் எந்தக் கடலைப் பார்த்தீர்கள், எந்த மீனை அறுத்தீர்கள், ஒரு பிள்ளையை நிற்க வைத்துச் சிரிக்க எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று நானும் கேட்டுவிட்டேன். வராந்தாவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அப்போதுதான் அவர் அதைக் கேட்டார்.

"சரிப்பா. குட்டி போடறத பாத்தேன்ற. பால் குடுக்கறதையும் பாத்தியா?"

வாசல் பக்கம் ஏதோ அசைந்தது. திரும்பிப் பார்த்தேன். யாரோ கொடுத்தனுப்பிய நோட்டுக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் மகள் நின்றிருந்தாள். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவளிடம் சொன்ன பொய்யை அங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லவும் வரவில்லை. நோட்டுக் கட்டைப் பக்கத்து மேஜையில் அடுக்கி வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி அவள் போய்விட்டாள். சார் "போய்ட்டு வாப்பா" என்றார்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசாமல் இல்லை. சோறு வேணுமா, தண்ணி வேணுமா, எல்லாம் கேட்பாள். நான் ஏதாவது சொன்னால் மட்டும் தலையை ஆட்டிவிட்டு, அதையே போய் அவள் அம்மாவிடம் கேட்பாள். ஒருநாள் மழை வரும், குடை எடுத்துக்கோ என்றேன். சரி என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தாள். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். எனக்கு அந்த மாதம் முழுக்கக் கத்தி கையில் நிற்கவில்லை. இரண்டு தடவை விரலை அறுத்துக்கொண்டேன். மீனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் எரிந்து விழுந்தேன்.

மார்க் போனது போகட்டும், என் பேச்சில் எது நிஜம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். சினைத் திருக்கை ஒன்று வேண்டும். பெட்டி அனுப்புகிற கடலூர்க்காரரிடம் சொல்லி வைத்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இது எங்கள் மார்க்கெட் வழக்கம். பெட்டியில் வருகிற திருக்கையின் வயிறு உப்பலாக இருந்தால், கடை திறப்பதற்கு முன்பே பின்பக்கம் எடுத்துப்போய்க் கிழித்து, குட்டிகளை நாய்க்கும் காக்காய்க்கும் போட்டுவிடுவோம். குட்டியைப் பார்த்துவிட்டால் பெண்கள் வாங்க மாட்டார்கள். வீட்டில் மாசமான பெண் இருக்கும், பாவம் என்பார்கள், பிறகு அந்தப் பக்கமே வர மாட்டார்கள். அதனால் யார் கண்ணிலும் படாமல் முடித்துவிடுவோம். ஐஸ் பெட்டி வரும் வரை காத்திருந்த நாட்களில் இது எனக்கு உறைத்தது. திருக்கை குட்டி போடும் என்பது இந்த ஊரில் ஒருத்தருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டது நான்தான். பதினாறு வருஷம் பின்பக்கம் மறைத்து வைத்துவிட்டு, உனக்கு ஏன் தெரியவில்லை என்று சாரிடம் சண்டைக்குப் போனேன். அந்த நினைப்பு வந்ததும் கோபம் குறையவில்லை. கோபப்பட வேண்டிய ஆளில் நானும் ஒருத்தன் கூடினேன், அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியில் அது வந்தது. புள்ளித் திருக்கை. அடிவயிறு தள்ளியிருந்தது. நான் அதைக் கிழிக்கவில்லை. விற்கவும் இல்லை. ஐஸ் போட்டு, கத்தி, பலகை, ஒரு குடம் தண்ணீர் எல்லாம் கட்டிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

உள்ளே விடவில்லை. மீனை உள்ளே கொண்டுவரக் கூடாது என்றார் வாட்ச்மேன். அவர் சொல்வதும் நியாயம்தான். கேட்டுக்கு வெளியே ஒரு புங்கமரம் இருக்கிறது. அதன் நிழலில் பலகையைப் போட்டேன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வந்த பிள்ளைகள் கம்பி வழியாகப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் கேட் தாங்கவில்லை. சத்தம் கேட்டு சார் வந்தார். இது பள்ளிக்கூடமா மீன் மார்க்கெட்டா, முதலில் இடத்தைக் காலி பண்ணு என்றார். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னால் சண்டையாகும், சண்டையானால் மணி அடித்துவிடும். அடிவயிற்றில் கத்தியை வைத்து, ஆழம் போகாமல் மேலாகக் கீறினேன்.

மூன்று இருந்தன. இறக்கை இரண்டையும் உடம்போடு சுருட்டிக்கொண்டு, பீடி இலையைச் சுருட்டியது மாதிரி ஒவ்வொன்றும். விரித்துப் பலகையில் வைத்தேன். என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. அம்மாவின் முதுகில் இருக்கிற புள்ளி குட்டியின் முதுகிலும் இருந்தது, கொஞ்சம் கம்மியாக. வால் நூல் மாதிரி மெல்லிசு. பிள்ளைகள் கம்பியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். சார் மூக்கைக் கையால் மூடிக்கொண்டு கேட்டின் உள்பக்கம் நின்றார். நான் ஒரு குட்டியைத் தூக்கி அவர் பக்கம் காட்டினேன்.

"முட்ட எங்க இருக்கு சார்? காட்டுங்க."

அவர் குட்டியைப் பார்க்காமல் வாட்ச்மேனைப் பார்த்தார். எனக்கு அது போதவில்லை. இன்னும் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வாய் துடித்தது. அதற்குள் கம்பிக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெண், ஆறாம் வகுப்பு இருக்கும், "அங்கிள், அப்ப பால் காம்பு எங்க இருக்குது?" என்றாள். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு நடுவில், எல்லோருக்கும் பின்னால், என் மகள் நிற்பது தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கு வாசலில் நின்று பார்த்தாளே, அதே பார்வை.

"காம்பு இல்ல பாப்பா," என்றேன். "திருக்கை பால் குடுத்து நான் பாத்ததே இல்ல. யாவாரம் ஆவணும்னு நானே கட்டி வுட்ட பொய் அது. எம்பொண்ணு எம்பேச்ச நம்பி எழுதிட்டா. அது அவ தப்பு இல்ல."

பதினாறு வருஷ வியாபாரத்தில் என் சரக்கை நானே குறைத்துச் சொன்னது அன்றைக்குத்தான். சொல்லும்போது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சாரின் முகத்தைத்தான் பார்த்தேன். சிரிக்கிறாரா என்று. சிரித்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவர் சிரிக்கவில்லை, அது அவருக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

எல்லாம் முடிந்தது என்று, வழக்கம்போலக் குடத்தைச் சாய்த்து வயிற்றைக் கழுவப் போனேன். யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். கேட்டின் சின்னக் கதவு வழியாக அவள் எப்போது வெளியே வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. பள்ளிக்கூடச் சீருடையோடு, அத்தனை பேர் பார்க்க, மீன் பலகைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தாள்.

"கழுவாதப்பா. இது இன்னா?"

குட்டிகள் இருந்த பைக்குள் ஒரு நீர் தேங்கியிருந்தது. வெண்மையும் மஞ்சளுமாக, சீம்பாலில் தண்ணீர் கலந்தது மாதிரி. பையின் உள்சுவர் முழுக்க நூல் நூலாக ஏதோ தொங்கியது.

"கெட்ட தண்ணி கண்ணு. எப்பவும் இருக்கும். கழுவிடுவேன்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

"குட்டி இல்லாத மீனுலயும் இருக்குமா?"

நான் யோசித்துப் பார்த்தேன். இருக்காது. குட்டி இருக்கிற வயிற்றில்தான் அது இருக்கும். பதினாறு வருஷத்தில் எத்தனையோ தடவை அதை என் கை தொட்டிருக்கிறது. ஒரு தடவைகூட நான் அதைப் பார்க்கவில்லை. அழுக்கு என்று பெயர் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். பார்க்காததைப் பார்த்தேன் என்று மலை முழுக்கச் சொன்னவன், கண் முன்னால் இருந்ததைப் பார்க்கவில்லை. அப்போது எனக்கு என் மேல் வந்த கோபம், சாரின் மேல் வந்ததைவிட ஜாஸ்தி.

அவள் தலையைத் தூக்கி, "சார், இது இன்னா சார்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் கம்பிக்கு வெளியே வந்து, கொஞ்சம் குனிந்து பார்த்தார். இதெல்லாம் நம் பாடத்தில் இல்லை என்றார். மணி அடித்தது. பிள்ளைகள் ஓடினார்கள். அவளும் எழுந்து போனாள். போகும்போது பாவாடையில் ஒட்டிய செதில் எதையும் தட்டிவிடவில்லை. திருக்கைக்குச் செதில் கிடையாது, அது என் பலகையில் இருந்த வேறு மீனின் செதில். ஆனாலும் அவள் தட்டிவிடவில்லை.

அன்றைக்கு சாரின் மேஜையிலேயே நான் விட்டுவிட்டு வந்த தாள், பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தது. மேலே இருந்த ஐந்துக்கும் டிக். ஐந்துக்கு ஐந்து. கீழே, குட்டி போடும் என்பதற்குப் பக்கத்திலும் ஒரு டிக். பால் கொடுக்கும் என்பதற்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. அவர் வேறு எங்கோ ஒரு கல்லூரியில் இருக்கிற தன் நண்பரைக் கேட்டாராம், வகுப்பில் சொன்னாராம். திருக்கையின் கருப்பைக்குள் அப்படி ஒரு சத்து நீர் ஊறும், பிறக்கும் வரை குட்டி அதைக் குடித்துத்தான் வளரும். வெளியே வந்த பிறகு அம்மா ஒன்றும் கொடுக்காது, குட்டி அதன் வழியே நீந்திப் போய்விடும். கடல்பசு அப்படியல்ல, துடுப்புக்கு அடியில் காம்பு இருக்கும், வெளியே வந்த குட்டி பக்கத்திலேயே இருந்து குடிக்கும். அதனால் அது பாலூட்டி, இது மீன். பிள்ளைகளே, இதை நீங்களும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மீன் என்றால் முட்டைதான் என்று யாராவது ஒரே கோடாக இழுத்தால், திருக்கையைச் சொல்லுங்கள்.

மார்க்கைத் திருத்தினார், சரி. சிரித்ததை அவர் திருத்தவில்லை. வகுப்பில் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குத் தப்பு என்று அவர் இன்றைக்கு வரை சொல்லவில்லை. 'பால் கருவாடு' என்று கூப்பிடுகிறவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்களாம். அவளுக்கு அது உறைக்கவில்லை என்கிறாள். எனக்கு உறைக்கிறது. கடைத்தெருவில் அவர் எதிரே வந்தால் நான் வணக்கம் வைப்பதில்லை.

அதற்கு அடுத்த சனிக்கிழமை, நான் கூடையைக் கட்டும்போது அவள் தலையணையைக் கொண்டுவந்து சீட்டில் கட்டினாள். கையில் தராசோடு ஒரு நோட்டும் இருந்தது.

கரியாலூருக்குக் கொஞ்சம் முன்னால், பிள்ளை பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத வீடு ஒன்று. ஹாரன் அடித்தேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பெண் வந்தாள். பால் பத்தவில்லை, ராத்திரியெல்லாம் அழுகிறது, திருக்கை தின்றால் ஊறுமா அண்ணா என்று கேட்டாள். என் வாய் தானாகத் திறந்துவிட்டது. மீனுன்னு நெனச்சுக்காதம்மா என்பது வரை வந்துவிட்டது. முதுகில் ஒரு விரல் குத்தியது.

"குட்டி போடுங்க்கா," என்றாள் என் மகள், பின்னாலிருந்து. "அத நாங்க பாத்தோம். வயித்துக்குள்ள குட்டிக்கு பால் மாதிரி ஒண்ணு குடுக்குது, அதையும் பாத்தோம். இத தின்னா உங்களுக்கு ஊறுமான்னு தெரியலக்கா. தின்னு பாருங்க. ஊறுச்சா இல்லியான்னு வர்ற சனிக்கிழம வந்து கேக்கறேன். ஆஸ்பத்திரியில நர்சக்காவையும் ஒரு வார்த்த கேளுங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "இன்னாண்ணா, உம்பொண்ணு யாவாரத்த கெடுக்குது" என்றாள். எப்போதும் வாங்குவதில் பாதிதான் வாங்கினாள். எனக்குச் சுருக்கென்று வந்தது. வாயை மூடிக்கொண்டு எடை போட்டேன்.

என் மகள் நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தில் மூன்று பத்தியாகக் கோடு போட்டாள். பார்த்தது, கேட்டது, அப்பா சொன்னது. அந்த வீட்டை நடுப் பத்தியில் எழுதினாள்.

"மூணாவதுக்கு எதுக்கு இவ்ளோ எடம் வுட்டிருக்க?" என்றேன்.

"நீ ஜாஸ்தி பேசுவப்பா," என்றாள். வண்டியை எடு என்று முதுகில் தட்டினாள்.